பேரனும் பெயரும்: ஈழத்தமிழர் ஆட்பெயர் மரபில் தலைமுறை மாற்றங்கள்

மன்னர் வரலாற்றுக்குக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் சான்றாவது போலப் பொதுமக்கள் வரலாற்றுக்கு அவர்தம் பெயர்களே சான்றாகும். எழுத்தறியாத உழவனும் தன் பிள்ளைக்கு ஒரு பெயரை இட்டே சென்றான். அப்பெயரைத் தெரிவு செய்த வகையில் அவனது நம்பிக்கையும் அச்சமும் சமூகத்தில் அவனுக்கு விதிக்கப்பட்ட இடமும் பதிந்து கிடக்கின்றன. ஈழத்தமிழரிடையே கதிரவேலு, கந்தசாமி, சிவகுமார், கஜந்தன் எனவும், வள்ளியம்மை, மகேஸ்வரி, வசந்தி, தர்ஷிகா எனவும் நான்கு தலைமுறைப் பெயர்களை வரிசைப்படுத்தினால், அவ்வரிசையே ஒரு சமூக வரலாற்றுச் சுருக்கமாக அமைவதைக் காணலாம்.

இம்மாற்றங்களை ஆராயுமுன் பழைய மரபின் அடிப்படையை அறிதல் வேண்டும். மகனின் மகனைக் குறிக்கும் ‘பேரன்’ என்ற சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ ஆகும். பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பதே அதன் பொருள். சங்க நூல்களிலேயே இவ்வழக்கின் சுவடுகள் உள்ளன. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கிலோ ‘பேரன்’ என்பது பாட்டனையும் குறிக்கும். பாட்டி ‘பேத்தி’ எனப்படுவாள். பெயரைக் கொடுத்தவனும் பெற்றவனும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதிலிருந்து, ஒன்றுவிட்ட தலைமுறைகளைப் பெயர் இணைத்த மரபின் வலிமை புலனாகும். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் அரியணைப் பெயர்களை மாறி மாறிச் சூடியமையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இம்மரபில் புதிய பெயருக்கு இடம் குறைவு. ஒரு குடும்பத்தில் சில பெயர்களே சுழன்று வந்தன. பெயர் தனியாளின் உடைமையன்று, குடும்பத்தின் முதுசொம்.

இச்சுழற்சியை முதலில் குலைத்தது ஐரோப்பியர் வருகையாகும். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானதைத் தொடர்ந்து திருமுழுக்குப் பெயர்கள் பெருகின. எனினும் அப்பெயர்கள் தமிழின் ஒலிமரபுக்கு விரைவிலேயே பணிந்தன. அந்தோனிப்பிள்ளை, சவிரிமுத்து, சந்தியாப்பிள்ளை, மரியாம்பிள்ளை என்பன பிறமொழிப் பகுதிக்குத் தமிழ் ஈறு பெற்றவை. ‘சிறியவர்’ எனப் பொருள்படும் பவுல் என்ற பெயர் சின்னப்பு எனப் பொருளாலேயே தமிழாக்கம் பெற்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்தில், அரச பதவிக்கும் திருமணப் பதிவுக்கும் அவர்தம் திருச்சபையின் திருமுழுக்கு வேண்டப்பட்டது. இதனாற் பலர் பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் வேறொரு பெயருமாக வாழ்ந்தனர். அதிகாரத்தின் முன் ஒரு பெயர், தெய்வத்தின் முன் ஒரு பெயர் என்னும் இரட்டை நிலை இக்காலத்தில் நன்கு வேரூன்றியது.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் இந்நிலைக்குப் புதியதொரு வடிவம் கொடுத்தனர். அவர்தம் விடுதிப் பாடசாலைகளிலும் 1823இல் தொடங்கப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியிலும் பயின்ற மாணவர் பலருக்கு, அவர்களின் செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர் விரும்பிய பெயர்கள் இடப்பட்டன. ஆனல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை முதலிய அறிஞர்களின் பெயர்களில் இன்றும் நிற்கும் முற்பகுதிகள் இக்கல்வி மரபை நினைவூட்டுவன.

இவ்வகையில் சி. வை. தாமோதரம்பிள்ளையின் (1832–1901) குடும்பம் தனிக்கவனத்துக்குரியது. இளமையில் கிங்ஸ்பெரி என்ற பெயரையும் பெற்றிருந்த அவர் பின்னர் சைவராகவே வாழ்ந்து, சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் என்பதைச் சுட்டும் முதலெழுத்துக்களுடனேயே தமிழ்ப் பதிப்புலகில் நிலைபெற்றார். அவருடைய மகன் அழகசுந்தரமோ கிறிஸ்தவத்தைத் தழுவிப் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி ஆனார். தந்தை கைவிட்ட பெயரை மகன் ஏற்றார். சமயம், கல்வி, மொழிப்பற்று என்பவற்றிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கற்றோர் எதிர்கொண்ட இழுபறியை இவ்விரு தலைமுறைப் பெயர்களே உணர்த்தும்.

ஆறுமுக நாவலர் (1822–1879) வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப் பாடசாலையை நிறுவியதும், 1888இல் சைவபரிபாலன சபை தோன்றியதும் பெயர் மரபையும் பாதித்தன. முருகேசு, கார்த்திகேசு, வல்லிபுரம் முதலிய வழிபாட்டு மரபுப் பெயர்களோடு திருஞானசம்பந்தன், திருநாவுக்கரசு, சுந்தரமூர்த்தி, திலகவதி, மங்கையர்க்கரசி என்னும் நாயன்மார் வரலாற்றுப் பெயர்களும் பரவின. நூல்வழிச் சமயக் கல்வியின் பயனாகவே இவ்விரண்டாம் வகை பெருகியது எனலாம். இருபதாம் நூற்றாண்டில் இதற்கு ஒப்பானதொரு திருப்பம் மொழியுணர்வினால் நிகழ்ந்தது. சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்னும் கத்தோலிக்கக் குரு தனிநாயகம் அடிகள் (1913–1980) ஆனமை இதற்கு நன்கறிந்த சான்றாகும்.

எனினும், பெயரைத் தெரிவு செய்யும் உரிமை யாவர்க்கும் ஒப்ப வாய்த்ததன்று. யாழ்ப்பாணச் சமூகத்தில் ‘பிள்ளை’ என்னும் ஈறும், ‘அர்’ என்னும் மரியாதை விகுதியும் சாதி மேலாண்மையின் அடையாளங்களாக இருந்தன. ஒடுக்கப்பட்ட மக்கள் கந்தன், வேலன், சின்னவன், வள்ளி எனக் குறுகிய வடிவங்களையே தாங்க நேர்ந்தது. முழுப்பெயர் சூட்டப்பெற்ற பிள்ளையும் ஊரார் வாயிற் குறுகிய பெயரையே பெற்றது. 1867 முதல் நடைமுறைக்கு வந்த பிறப்புப் பதிவு இதில் இருமுகப் பங்காற்றியது. எழுதுபவரின் சாதிப்பார்வை அப்பதிவிலும் நுழையக்கூடியதாயிருந்தது. ஆயின் ஒருமுறை எழுதப்பட்ட பெயரை எளிதில் மறுக்கவும் இயலாது போயிற்று. பாடசாலை இடாப்பில் ஒரே வகைப் பெயர்கள் அருகருகே எழுதப்பட்ட போது, பெயரைக் கொண்டே சாதியை அறியும் வழக்கம் தளர்ந்தது. பிற்காலத்தில் குமார், ராஜன் போன்ற ஈறுகளுடைய பெயர்கள் எல்லாச் சமூகத்தாரிடையும் பரவியமையைச் சினிமா மோகமென்று மட்டும் கருதுவது பொருந்தாது. பழைய அடையாளம் ஏதுமற்ற பெயர் பலருக்கு விடுதலையாக இருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. எத்தனையோ பெற்றோர் அச்சமத்துவத்தைத் தம் பிள்ளைகளின் பெயரிலும் தேடிக்கொண்டனர்.

மலையகத்தில் பெயர் கூலியோடு பிணைந்திருந்தது. தோட்டத்துச் செக்றோலில் ஒருநாள் வேலை பதியப்படுவது ‘பேர் போடுதல்’ எனவும், அரைநாட் கூலி ‘அரைப்பேர்’ எனவும் வழங்கின. கருப்பையா, பழனியாண்டி, மாரியாயி, இராமாயி எனக் குலதெய்வ நினைவோடு கடல் கடந்த பெயர்கள், தமிழறியாதோர் கையில் ஆங்கில எழுத்தில் பலவாறு சிதைந்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ்ப் பெரும்பாலோர் நாடற்றவராகியபின் இச்சிதைவு வெறும் எழுத்துப் பிழையாக இருக்கவில்லை. இந்த நாட்டில் வாழ்ந்தமையை ஆவணங்களால் நிறுவவேண்டிய ஒருவருக்கு, ஓர் ஆவணத்துப் பெயர் மற்றொன்றோடு பொருந்தாமை பேரிடராக முடியும். நாடற்றவராக எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவதற்கும், பாட்டனின் பெயரைப் பேரன் பத்திரத்தால் நிறுவுவதற்கும் இடையேயுள்ள தூரம் ஒரு சமூகத்தின் துயர வரலாறாகும்.

1950களின் பின் சாந்தி, மாலதி, ரவீந்திரன், மகேந்திரன் என்றவாறு வடசொற் பெயர்கள் பெருகின. 1980கள் முதல் பெயர்களின் ஒலியமைதி பெரிதும் மாறியது. நிரோஷன், கஜீபன், தர்ஷிகா முதலிய பெயர்களில் பொருளினும் ஓசைக்கு முதன்மை தரப்பட்டது. நட்சத்திரத்துக்குரிய முதலெழுத்து, எண்சோதிடம், வேறெவர்க்கும் இல்லாத பெயராக இருத்தல் வேண்டும் என்னும் விருப்பு ஆகியன தெரிவை நெறிப்படுத்தின. அதே காலத்தில் தனித்தமிழ்ப் பெயரை இடுவோரும் பெருகினர். இரு போக்குகளும் ஒன்றுக்கொன்று மாறானவையாகத் தோன்றினும், பாட்டன் பெயரைத் தொடர்தல் கடன் அன்று, பெயர் பெற்றோரின் தெரிவே என்னும் கருத்தில் இரண்டும் உடன்படுகின்றன. இதனை மரபின் வீழ்ச்சி எனப் புலம்புதல் தகாது. முன்னோர் பெயரைத் தொடர்தல் சிலர்க்குப் பெருமையாக இருந்தபோது, வேறு சிலர்க்கு இழிவைத் தொடர்வதாகவும் இருந்தது.

1983இன் பின்னர் பெருகிய புலப்பெயர்வு இவ்வரலாற்றில் எதிர்பாராத திருப்பமொன்றை ஏற்படுத்தியுள்ளது. ஈழத்தமிழரிடம் பரம்பரைக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாக முன்னிற்கும். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். மேலைநாடுகளின் ஆவணமுறையோ நிலையான குடும்பப்பெயரை வேண்டிற்று. அதனால் புலம்பெயர்ந்தோர் பலரின் தந்தை பெயர் அவர்தம் குடும்பப்பெயராக உறைந்தது. கனடாவிலோ பிரித்தானியாவிலோ பிறந்த பிள்ளை தன் பெயருக்குப் பின்னே கந்தையா எனவும் சின்னத்தம்பி எனவும் தாங்குவதைக் காணலாம். ஊரிற் கைவிடப்பட்ட வழக்கம் அயல்நாட்டுச் சட்டத்தின் வாயிலாகத் திரும்பியுள்ளது. பாட்டனின் முகமறியாப் பிள்ளைகளும் சொல்லின் முழுப்பொருளிற் பெயரர் ஆகியுள்ளனர்.

இத்துறையில் செய்யவேண்டிய பணி மிகுதி. ஒல்லாந்தர் காலத் தோம்புகள், திருச்சபைப் பதிவேடுகள், பாடசாலை இடாப்புகள், தோட்டச் செக்றோல்கள், ஆலயத் திருப்பணி உபயகாரர் பட்டியல்கள் என்பன இதற்கு மூலங்களாகும். மட்டக்களப்பில் வழங்கும் கண்ணகை, கந்தப்போடி முதலிய பெயர்களும், முஸ்லிம் மக்களிடையே முற்காலத்தில் பெருவழக்காயிருந்த மீராலெப்பை, ஆதம்பாவா முதலிய பெயர்களும் தனித்தனி ஆய்வுக்குரியவை. போரினாலும் இடப்பெயர்வினாலும் ஆவணங்கள் பல அழிந்துள்ள நிலையில், முதியோர் நினைவில் நிற்கும் வம்சாவளிப் பெயர்களைத் தொகுத்தல் காலந்தாழ்த்தாது செய்யவேண்டியதாகும். ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்து நான்கு தலைமுறைப் பெயர்களை ஆண், பெண் இருபாலார்க்கும் எழுதி வைப்பாராயின், அதுவே அத்தொகுப்பின் தொடக்கமாக அமையும்.