கைக்கருவி இழுப்பறை அடுக்கு முறை

கைக்கருவி இழுப்பறை அடுக்கு முறை என்பது ஸ்பேனர், திருப்புளி, குறடு, சுத்தியல், அரம், அளவைக் கருவிகள் முதலியவற்றை இழுப்பறைகள் கொண்ட பெட்டியிலோ தள்ளுவண்டியிலோ வகை, அளவு, எடை, பயன்பாடு ஆகியவற்றின்படி இடம் குறித்து வைக்கும் வழக்கம். வாகனப் பணிமனை, விமானப் பராமரிப்புக் கூடம், லேத் பட்டறை, தச்சுக்கூடம், வீட்டுப் பட்டறை என எல்லா இடங்களிலும் இது உண்டு. ஓர் அடுக்கின் தரத்தை இரண்டு கேள்விகளால் அறியலாம். வேண்டிய கருவி உடனே கைக்கு வருகிறதா? வேலை முடிந்து இழுப்பறையை மூடும்போது எது திரும்பி வரவில்லை என்று தெரிகிறதா? முதல் கேள்வியைப் பழகிய தொழிலாளி தன் நினைவாலேயே சமாளித்துவிடுவார். இரண்டாவதற்குப் பெட்டிதான் பதில் சொல்லியாக வேண்டும். இன்றைய முறைகளில் பலவும் இந்த இரண்டாவது தேவையை முன்வைத்தே அமைகின்றன.

வரலாறு

கருவிகளை ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டும் வழக்கம் பழையது. சுவீடனின் கோட்லாந்து தீவில் மேஸ்டர்மீர் என்ற சதுப்பு நிலத்தை 1936-இல் உழுதபோது வைக்கிங் காலத்துக் கருவாலிப் பெட்டி ஒன்று கிடைத்தது. கொல்லுக்கும் தச்சுக்கும் உரிய கருவிகளோடு 200-க்கும் மேற்பட்ட பொருள்கள் அதனுடன் கிடைத்தன. அது இப்போது ஸ்டாக்ஹோமில் உள்ள சுவீடன் வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தச்சர் பெட்டி தனி வடிவம் பெற்றது. வெளியே பெயின்ட் அடித்த எளிய மரப்பெட்டி. உள்ளே முன்னும் பின்னும் நகரும் ஆழமில்லாத தட்டுகள். மேல்தட்டில் சிறிய கருவிகளும், அடித்தளத்தில் இழைப்புளிகளும் ரம்பங்களும் இருக்கும். கென்ட் பகுதியைச் சேர்ந்த பெஞ்சமின் சீட்டன் என்ற இளைஞருக்கு 1796 டிசம்பரில் லண்டனிலிருந்து ஒரு முழுத் தொகுதிக் கருவிகள் வாங்கப்பட்டன. அவற்றை வைக்க அவரே 1797-இல் ஒரு பெட்டி செய்தார். அதிகம் பயன்படுத்தப்படாத அக்கருவிகளும், அவற்றின் பட்டியலும், பெட்டியும் ரோச்செஸ்டர் கில்டுஹால் அருங்காட்சியகத்தில் உள்ளன. பட்டியலும் பெட்டியும் சேர்ந்தே கிடைத்திருப்பதால் எது இருக்கிறது, எது போனது என்று இன்றும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த பியானோ கைவினைஞர் ஹென்றி ஸ்டட்லி (1838–1925) செய்த சுவர்ப்பெட்டி இக்கலையின் உச்சமாகப் போற்றப்படுகிறது. மூடினால் சுமார் 1 மீட்டர் உயரமும் அரை மீட்டர் அகலமும் உள்ள அதற்குள் ஏறத்தாழ 300 கருவிகள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் அதன் உருவத்துக்கே செதுக்கிய இடம் உண்டு. சில அடுக்குகள் கதவுபோல் விலகி, பின்னால் உள்ள அடுக்கைக் காட்டும்.

ஆலைகளில் இயந்திரத் தொழிலாளர்கள் பெருகியபோது, சிறிய துல்லியக் கருவிகளுக்காகப் பல இழுப்பறைகள் கொண்ட மரப்பெட்டிகள் வந்தன. 1906-இல் ஒஹையோவின் டேட்டன் நகரில் தொடங்கிய கெர்ஸ்ட்னர் நிறுவனத்தின் பெட்டிகள் இவ்வகைக்குப் பெயர்பெற்றவை. அவற்றின் இழுப்பறைகளில் ஃபெல்ட் துணி ஒட்டப்பட்டிருக்கும்.

1920-இல் மில்வாக்கியில் தொடங்கிய ஸ்னாப்-ஆன் நிறுவனம் 5 கைப்பிடிகளையும் 10 சாக்கெட்டுகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தும் தொகுதியை விற்றது. அதுவரை ஒவ்வொரு ஸ்பேனரும் தனித்த உருவம் கொண்ட முழுக் கருவி. கழற்றி மாட்டும் சாக்கெட் பரவியபின், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் சிறு துண்டுகள் பெட்டியில் பெருகின. அடுக்கு முறைக்குத் தனி அக்கறை தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டியின் கட்டுமானம்

இழுப்பறை எளிதாக ஓட வேண்டுமானால் அதன் இருபுறச் சேனல் சரியாக இருக்க வேண்டும். மலிவான பெட்டிகளில் தகடு தகட்டின் மேல் உராய்ந்து நகரும். எடை கூடினால் சிக்கும். பால் பேரிங் சேனல் உள்ளவை எடையைத் தாங்கி மென்மையாக ஓடும். இழுப்பறை முழு நீளமும் வெளியே வரும் சேனலில் பின்வரிசைக் கருவியும் கண்ணில் படும். முக்கால் பங்கே வெளிவருவதில் பின்பகுதி மறதிக்குரிய இடமாகிவிடுகிறது.

நிறைந்த இழுப்பறைகள் இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் திறந்தால் எடை மையம் முன்னே நகர்ந்து பெட்டி கவிழக்கூடும். இதைத் தவிர்க்க, ஒன்று திறந்திருக்கும்போது மற்றவை திறக்காதபடி பூட்டும் அமைப்பைப் பெரிய அலமாரிகளில் வைக்கின்றனர். தள்ளுவண்டிகளில், நகரும்போது இழுப்பறை தானே திறந்துகொள்ளாமல் இருக்கக் கொக்கி உண்டு.

இந்தியாவின் இருசக்கர வாகனப் பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் ஐந்து தட்டு டூல் பாக்ஸ் இழுப்பறை வகை அன்று. மேலே இரு மூடிகளையும் விரித்தால் தட்டுகள் படிக்கட்டாக இருபுறமும் விலகும். எல்லாத் தட்டுகளும் ஒரே பார்வையில் தெரிவது இதன் நன்மை. அடித்தட்டில் எல்லாம் ஒன்றாகக் குவிந்துவிடுவது இதன் குறை.

இடம் ஒதுக்கும் நெறிகள்

கனமானவை கீழே, இலேசானவை மேலே என்பது முதல் நெறி. சுத்தியல், பெரிய ரெஞ்ச், புல்லர், துளையிடும் இயந்திரம் ஆகியன ஆழமான கீழறைகளுக்கு உரியவை. 50 மி.மீ. அளவே ஆழமுள்ள மேலறைகளில் கருவிகளை ஒரே அடுக்காகத்தான் வைக்க முடியும். அதனால் எதுவும் எதன் அடியிலும் மறையாது. ஆழமான அறையில் சிறு கருவியைப் போட்டால் அது குவியலில் புதைந்துபோகும்.

இரண்டாவது நெறி பயன்பாட்டு அடுக்கு. அன்றாடம் எடுப்பவை இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுபவை அடியிலோ தனிப் பெட்டியிலோ இருக்கலாம்.

மூன்றாவது, வகைப்படி பிரிப்பதா வேலைப்படி பிரிப்பதா என்பது. எல்லாக் குறடுகளும் ஓர் அறையில், எல்லாத் திருப்புளிகளும் ஓர் அறையில் என்பது வகைப் பிரிவு. புதியவருக்கும் இது உடனே புரியும். பிரேக் வேலைக்கு வேண்டியவை எல்லாம் ஒரே அறையில், மின்வேலைக்கு வேண்டியவை வேறோர் அறையில் என்பது வேலைப் பிரிவு. நடை குறையும், ஆனால் ஒரே கருவியை இரண்டு மூன்று வாங்கவேண்டி வரும். பெரும்பாலான பணிமனைகள் பொதுக் கருவிகளை வகைப்படியும் சிறப்புக் கருவிகளை வேலைப்படியும் வைக்கின்றன.

ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து பரவிய 5எஸ் முறையில் வேண்டாததை விலக்குதல், இடம் குறித்தல், துப்புரவு, ஒரே தரத்தில் பேணுதல், கட்டுப்பாட்டைப் பழக்கமாக்குதல் என்று ஐந்து படிகள் உள்ளன. கருவிப் பெட்டியைப் பொறுத்தவரை முதல் படியே பெரும்பாலும் தவறவிடப்படுகிறது. தேய்ந்த திருப்புளியும், வாய் விரிந்த ஸ்பேனரும், உடைந்த பிளேடும் அறையில் இருந்தபடியே புதிய அடுக்கு தொடங்கினால் நல்ல கருவிக்கு இடம் இருக்காது.

அளவுகளைப் பிரித்தல்

அளவு குழம்பினால் நேரமும் போகும், போல்ட்டின் தலையும் போகும். அரை அங்குலம் 12.7 மி.மீ.; 13 மி.மீ. போல்ட்டில் அந்த ஸ்பேனர் ஏறாது. 13 மி.மீ. ஸ்பேனரை அரை அங்குல போல்ட்டில் மாட்டினால் ஆடும், அழுத்தித் திருப்பினால் மூலைகளை மழுக்கும். முக்கால் அங்குலமோ 19.05 மி.மீ.; 19 மி.மீ.-க்கு அனேகமாகச் சமம். சில அளவுகள் இப்படிப் பொருந்திவிடுவதாலேயே எல்லாம் பொருந்தும் என்ற எண்ணம் வருகிறது. எனவே மில்லிமீட்டரையும் அங்குலத்தையும் தனி அறைகளில் வைப்பதும் இரு நிறப் பட்டைகளால் அடையாளப்படுத்துவதும் வழக்கம்.

பழைய பிரிட்டிஷ் இயந்திரங்களில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த திருகுமரை முறைக்கான ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட் தண்டின் விட்டத்தைக் குறிக்கும். தலையின் அகலத்தை அன்று. அதனால் அரை அங்குலம் என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரின் வாய் சுமார் 23 மி.மீ. இருக்கும். இது சாதாரண அங்குலத் தொகுதியோடு கலந்தால் கண்டுபிடித்துப் பிரிப்பது தொல்லை.

சாக்கெட்டுகளை முதலில் சதுர முனை அளவால் பிரிக்கின்றனர்: கால் அங்குலம், முக்கால் அங்குலத்தின் பாதியான 3/8, அரை, முக்கால், ஒன்று. அதற்குள் மரபு நீளம், கூடுதல் நீளம் என்றும், பிறகு ஏறுவரிசையில் அளவு என்றும் வைப்பர். இந்தியக் கடைகளில் கிடைக்கும் 12 எண்ணிக்கை இருமுனை ஸ்பேனர் தொகுதி 6×7 முதல் 30×32 வரை செல்லும். வரிசை பிறழாமல் வைத்தால் 14×15 இல்லாத இடைவெளியைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

பிடிப்பு முறைகள்

தடுப்புத் தகடு: அறையைக் கட்டங்களாகப் பிரிக்கும் எளிய வழி. புதிய கருவி வந்தால் தகட்டை நகர்த்திக்கொள்ளலாம்.

தண்டும் காந்தமும்: சாக்கெட்டுகளைக் கிளிப் உள்ள நீள்தண்டில் மாட்டுவர். காந்தப் பட்டையில் நிறுத்துவதும் உண்டு. நீண்ட நாள் காந்தத்தில் ஒட்டியிருக்கும் திருப்புளி தானும் காந்தமேறி இரும்புத்தூளை இழுக்கும் என்பதால் நுண்ணிய வேலைகளுக்கு அது உகந்ததன்று.

ஃபோம்: கருவியின் உருவத்துக்கே வெட்டிய மென்தட்டு. இரு நிற ஃபோமில் மேலடுக்கு கருப்பாகவும் அடியடுக்கு மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். கருவியை எடுத்தவுடன் அதன் வடிவம் நிறமாகத் தெரியும். நீரையும் எண்ணெயையும் உறிஞ்சாத மூடிய நுண்ணறை பாலிஎத்திலீன் இதற்கு ஏற்றது. சோபாவில் போடும் திறந்த நுண்ணறை ஃபோம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெட்டும் முன் எல்லாக் கருவிகளையும் காகிதத்தில் பரப்பி இடம் பார்த்து, விளிம்பு வரைந்து, விரல் நுழைய ஓர் அரைவட்டமும் சேர்த்தே வெட்ட வேண்டும். விரலிடம் இல்லாத குழியிலிருந்து கருவியைப் பிடுங்க வேறொரு திருப்புளி தேவைப்படும்.

முப்பரிமாண அச்சு: 2022-இல் சாக் ஃப்ரீட்மன் வெளியிட்ட கிரிட்ஃபினிட்டி முறையில் அறையின் அடியில் 42 மி.மீ. சதுரக் கட்டங்கள் கொண்ட தளம் போடப்படும். அதில் பொருந்தும் கிண்ணங்களின் உயரம் 7 மி.மீ. மடங்குகளில் அமையும். கோப்புகள் இலவசம் என்பதால் அச்சுப்பொறி வைத்திருப்போர் தம் கருவிக்கேற்ற கிண்ணத்தைத் தாமே செய்துகொள்கின்றனர்.

கருவிவாரியான கவனம்

அரங்கள் ஒன்றையொன்று உரசக் கூடாது. கடினமாக்கிய பற்கள் மோதிச் சிதறும். உளிகளுக்கு முனையுறை வேண்டும். 1 முதல் 13 மி.மீ. வரை அரை மி.மீ. இடைவெளியில் உள்ள 25 டிரில் பிட்டுகளுக்கு எண்ணிட்ட துளைகள் கொண்ட பெட்டி உண்டு. பிட்டைக் கலைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் வெர்னியர் வைத்து அளக்க நேரிடும்.

மைக்ரோமீட்டரை இரு முனைகளும் தொட்டபடி இறுக்கி வைப்பதில்லை. சிறு இடைவெளி விடுவர். கிளிக் வகை டார்க் ரெஞ்சைக் குறைந்தபட்ச அளவுக்குத் தளர்த்தி, தன் உறையிலேயே வைக்க வேண்டும். அதன் சரிபார்ப்புக்கு ஐ.எஸ்.ஓ. 6789 பொதுவாகக் கூறும் கெடு 12 மாதம் அல்லது 5,000 முறை பயன்பாடு. கடைசியாகச் சரிபார்த்த நாளை உறையின் மேல் எழுதி வைப்பது நல்லது.

துரு தடுத்தல்

மூடிய இழுப்பறை ஈரத்தையும் சேர்த்தே மூடும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் எஃகு துருப்பிடிக்கும் வேகம் கூடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி இந்த நிலைதான்; காற்றில் உப்பும் உண்டு. வியர்வைக் கையைத் துடைத்தபின் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, சிலிக்கா ஜெல் பொட்டலம், துருத்தடுப்பு ஆவி வெளியிடும் தாள் ஆகியன உதவும். லேத் தொழிலாளர்கள் இழுப்பறையில் கற்பூரத் துண்டு போட்டு வைக்கும் வழக்கம் மேல்நாடுகளிலும் உண்டு. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஆயுத பூஜைக்குக் கருவிகளை எல்லாம் வெளியே எடுத்துத் துடைக்கும் வழக்கம், அறையின் அடியில் சேர்ந்த தூளையும் காணாமற்போனவற்றையும் கண்டறியும் வாய்ப்பாகவும் அமைகிறது.

விமானத் துறையில் கருவிக் கட்டுப்பாடு

இழுப்பறை அடுக்கு பாதுகாப்பு விதியாகவே மாறிய இடம் விமானப் பராமரிப்பு. எஞ்சினிலோ கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு இடையிலோ விட்டுப்போன ஒரு ஸ்பேனர் பேராபத்து. அதனால் ஒவ்வொரு கருவியிலும் பெட்டி எண் பொறிக்கப்படும். பணிமாற்றத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஃபோம் அறைகள் சரிபார்க்கப்படும். கருவியை எடுப்பவர் தன் பெயர்வில்லையை வெற்றிடத்தில் வைப்பார். ஏதேனும் குறைந்தால், அது கிடைக்கும்வரையோ விமானத்தில் இல்லை என்று உறுதியாகும்வரையோ விமானம் விடுவிக்கப்படாது. சில நவீன அலமாரிகளில் கேமரா பொருத்தப்பட்டு, இழுப்பறை மூடும்போதே எது எடுக்கப்பட்டது என்று பதிவாகிறது.

ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவன ஏ380 விமானம் ஒன்றில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த பரிசோதனைக்குப் பின், எஞ்சினைச் சுழற்றப் பயன்படும் 1.25 மீட்டர் நைலான் கருவி இடப்பக்க வெளி எஞ்சினுக்குள் தங்கிவிட்டது. 34 பயணங்கள், ஏறத்தாழ 294 மணி நேரப் பறப்புக்குப் பின் 2024 ஜனவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் அது கண்டெடுக்கப்பட்டது. கருவி திரும்பவில்லை என்று தெரிந்தும், விமானத்தை விடுவிக்கும் முன் தொலைந்த கருவிக்கான நடைமுறை தொடங்கப்படவில்லை என்று ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அறிக்கை கூறியது.

வரம்புகள்

உருவத்துக்கே வெட்டிய ஃபோம் மாற்றத்தை ஏற்காது. வேறு நிறுவனத்தின் குறடு வாங்கினால் புதிதாக வெட்ட வேண்டும். அது இடத்தையும் அதிகம் தின்னும். தடுப்புத் தகட்டு அறையில் அடங்கும் கருவிகள் எல்லாம் அதில் அடங்கா. அதனால் விமானக் கூடத்துக்கு ஏற்ற முறை, நாளுக்கு நாள் கருவி சேர்க்கும் சிறு பட்டறைக்குப் பொருந்துவதில்லை. அங்கே நகர்த்தக்கூடிய தடுப்பும், அறை முகப்பில் பெயர்ச்சீட்டும், மாதம் ஒருமுறை எண்ணிப்பார்க்கப் பட்டியலும் போதும். எந்த முறையிலும் குறிக்கப்பட்ட இடம் தகவல் தருவதோடு நிற்கிறது. வெற்றிடத்தைக் கண்டபின் தேடத் தொடங்குவது பணிமனையின் கட்டுப்பாட்டைப் பொறுத்தது.