புதுச்சேரியில் அபயம் தேடிய நவாப் குடும்பம்

புதுச்சேரிக்குச் செல்லும் நம் குடும்பங்களில் பல, கடற்கரையோடு திரும்பிவிடுகின்றன. பாரதி பூங்காவுக்கு அருகே, செயின்ட் லூயி வீதியிலுள்ள அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அரிக்கமேட்டில் கிடைத்த மணிகள், உரோமானிய மட்கலத் துண்டுகள், சோழர் காலச் செப்புப் படிமங்கள், பிரெஞ்சியரின் மரச்சாமான்கள் ஆகியவற்றோடு, ஆளுநர் டூப்ளே பயன்படுத்தியதாகக் கூறப்படும் கட்டிலும் அங்குண்டு.

அக்கட்டிலின் முன் நிற்கும்போது அவருடைய அரண்மனை எங்கே என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு. அருகிலுள்ள ராஜ்நிவாஸ் பிற்காலக் கட்டடம். டூப்ளேயின் மாளிகை, 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றி இடித்தபோது கோட்டையோடு சேர்ந்து அழிந்தது. அந்நகரோடு நம்மவர் வரலாறும் பின்னிக் கிடந்தது.

1740 மே மாதம், தாமலசெருவுக் கணவாயில் மராத்தியரோடு நடந்த போரில் ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கான் கொல்லப்பட்டார். அவர் வீட்டுப் பெண்கள் புதுச்சேரி மதிலின் வாயிலில் வந்து நின்றனர். உள்ளே விட்டால் மராத்தியரின் பகை வரும். மறுத்தால் பழைய நட்பைக் கைவிட்டதாகும். அன்றைய ஆளுநர் துமா கதவைத் திறக்கச் செய்தார். தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிபின் மனைவியும் மகனும் அந்நகரிலேயே அடைக்கலம் பெற்றனர். அவர்களை ஒப்படைக்குமாறு ரகுஜி போன்ஸ்லே மிரட்டியும் துமா இணங்கவில்லை. அவர் அனுப்பிய பிரெஞ்சு மதுவகைகளில் மயங்கியே ரகுஜி தணிந்தார் என்றொரு கதை வழங்குகிறது. நகரின் காவலை வலுப்படுத்தி, முற்றுகைக்கு ஆயத்தமாக நின்ற உறுதியை விட்டுவிட்டு மதுவுக்குப் பெருமை சேர்ப்பது நமக்கு உவப்பானதாக இல்லை. முகலாயப் பேரரசர் முகம்மது ஷா துமாவுக்கு நவாப் பட்டம் வழங்கினார்.

அபயம் தந்தவர்களுக்கு ஆதாயமும் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1741இல் திருச்சிராப்பள்ளியில் மராத்தியரிடம் சிறைப்பட்ட சந்தா சாகிப், விடுதலையாகித் திரும்பி, 1749 ஆகஸ்டில் பிரெஞ்சுப் படையின் துணையோடு ஆம்பூரில் வென்றார். அப்போரில் நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். இரு பக்கமும் முஸ்லிம் தலைவர்கள். அவர்களின் பதவிப் போட்டியால் பயனடைந்தவை இரு ஐரோப்பியக் கம்பெனிகள். 1752இல் சந்தா சாகிபும் தலை வெட்டப்பட்டு மாண்டார்.

இவற்றையெல்லாம் பக்கத்திலிருந்து கண்டவர் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கி 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு நூலாகக் கிடைக்கிறது. 1738இல் எழுந்த அவர் மாளிகையும் ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கிறது. அருங்காட்சியகம் சென்றவர்கள் அதையும் வெளியிலிருந்தாவது பார்க்கலாம்.

வில்லியனூர், பாகூர் வட்டாரங்கள் பிரெஞ்சியர் கைக்கு வந்தது ஆம்பூர் வெற்றிக்குப் பின் கிடைத்த கொடையாகத்தான். அவ்விரு பெயர்களும் இன்றும் புதுச்சேரியின் கொம்யூன் பெயர்களாகவே வழங்குகின்றன.