ஷோபேஜை விழுங்கிய படம்

காலேஜ் கடைசி வருஷம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ப்ரின்ட் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கவர் பேஜ் வரும்னு பார்த்தா, பேப்பர் பேப்பரா ஏதோ கோட் வந்து விழுது. முதல் வரியில 'பர்சன்ட், ஆச்சரியக்குறி, பிஎஸ், அடோபி'. கடைக்கார அண்ணா "தம்பி, உன் பென்டிரைவ்ல வைரஸ்"னு சொல்லிட்டு, வந்த அத்தனை பேப்பருக்கும் காசு வாங்கிட்டார்.

அது வைரஸ் இல்லை, போஸ்ட்ஸ்கிரிப்ட். பிரின்டர் ஓட்ட வேண்டிய ஒரு ப்ரோகிராம். அந்த மொழி தெரியாத பிரின்டர், அதை வெறும் எழுத்துன்னு நினைச்சு அப்படியே அச்சடிச்சிடுச்சு. இன்னைக்கு எபிசோட் அந்த மொழியைப் பத்தித்தான். குறிப்பா, அது டேட்டாவை எங்கிருந்து வாங்குது, எங்கே அனுப்புது.

ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி. ரெண்டு பேரும் ஜெராக்ஸ் நிறுவனத்தோட பார்க் ஆய்வகத்துல இருந்தவங்க (ஆமா, அதே ஜெராக்ஸ்தான்). 1982-ல் வெளியே வந்து அடோபியை ஆரம்பிச்சாங்க. 1985-ல் ஆப்பிளோட லேசர்ரைட்டர் போஸ்ட்ஸ்கிரிப்ட்டோட வந்தது. விலை 6,995 டாலர். உள்ளே 12 மெகாஹெர்ட்ஸ் மோட்டோரோலா 68000, 1.5 எம்பி ரேம். அதுக்கு ஃபைல் அனுப்புற மேக்கின்டாஷை விட பிரின்டர்தான் வேகமான கம்ப்யூட்டர்!

ஏன் இவ்வளவு? கணக்கு போட்டுப் பார்ப்போம். இன்ச்சுக்கு 300 புள்ளி, எட்டரைக்குப் பதினோரு இன்ச் பேப்பர். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 84 லட்சம் புள்ளி, அதாவது 1 எம்பிக்குக் கொஞ்சம் மேல. 9600 பாட் சீரியல் கேபிள்ல நொடிக்கு 960 எழுத்துதான் போகும். அந்தப் புள்ளிகளை ஹெக்ஸ் எழுத்தா மாத்தி அனுப்பினா ஒரு பக்கத்துக்கு 36 நிமிஷம். அதனால படத்தை அனுப்பாம, "இந்த இடத்துக்குப் போ, இந்த எழுத்தை வரை"ன்னு ப்ரோகிராமா அனுப்பினாங்க. சில ஆயிரம் எழுத்துல பக்கம் முடிஞ்சிடும்.

மொழி ஸ்டாக் அடிப்படையிலானது. '100 200 மூவ்டு'ன்னு எழுதணும். ரெண்டு எண்ணும் ஸ்டாக்ல ஏறும், மூவ்டு வந்து அதை எடுத்துக்கும். இன்டர்ப்ரெட்டர் முழு ப்ரோகிராமையும் முன்னாடியே படிச்சு வைக்காது. ஒரு சொல்லைப் படிக்கும், செய்யும், அடுத்ததுக்குப் போகும். மெமரி கம்மியா இருக்கிற மெஷினுக்கு இது வரம்.

ஆனா போட்டோ வந்தா? பக்கத்துக்கே 1 எம்பி போயிடுச்சு, போட்டோவை எங்கே வைக்கிறது? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது: 'கரன்ட்ஃபைல்'. இப்போ எந்த ஸ்ட்ரீம்ல இருந்து ப்ரோகிராம் வந்துட்டிருக்கோ, அந்த ஸ்ட்ரீமையே ஸ்டாக்ல வைக்கிற சொல். கோட் முடிஞ்ச இடத்துல ஹெக்ஸ் டேட்டாவை ஒட்டி வெச்சிடுவாங்க. 'இமேஜ்' ஆபரேட்டர் ஒவ்வொரு முறையும் 'ரீட்ஹெக்ஸ்ஸ்ட்ரிங்'கைக் கூப்பிட்டு, ஒரு வரி டேட்டாவை அதே கேபிள்ல இருந்து உறிஞ்சிக்கும். படம் முடிஞ்சதும் இன்டர்ப்ரெட்டர் விட்ட இடத்துல இருந்து கோடைத் தொடரும். தனி ஃபைல் வேண்டாம், தனி மெமரி வேண்டாம்.

ரீட்ஹெக்ஸ்ஸ்ட்ரிங் ஸ்டாக்ல ரெண்டு விஷயம் வைக்கும். படிச்ச டேட்டா, அதுக்கு மேல ஒரு ட்ரூ அல்லது ஃபால்ஸ். கேட்ட அளவு கிடைக்கிறதுக்குள்ள ஃபைல் முடிஞ்சிட்டா ஃபால்ஸ். எல்லாரும் அதை 'பாப்'னு தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவாங்க. வழக்கமான கோடே அப்படித்தான். நான் ஆபீஸ்ல ரிட்டர்ன் வேல்யூவைக் கண்டுக்காம விடுற மாதிரி.

சரி, டேட்டாவுல ஒரு பைட் குறைஞ்சா? அது ஹெக்ஸ் அல்லாத எழுத்தைக் கண்டா கண்டுக்காம தாண்டிடும். படத்துக்கு அடுத்த சொல் 'ஷோபேஜ்', அதாவது பக்கத்தை வெளியே தள்ளுன்னு ஆர்டர். ஆங்கில ஸ்பெல்லிங்ல அதுல இருக்கிற ஹெக்ஸ் எழுத்து ரெண்டே ரெண்டு, 'ஏ'வும் 'ஈ'யும். ரெண்டு ஹெக்ஸ் எழுத்துன்னா ஒரு பைட். மொத்தச் சொல்லையும் படத்தோட கடைசிப் புள்ளியா விழுங்கிடும். பேப்பர் வராது. எரர்கூட வராது, ஏன்னா பிரின்டரைப் பொறுத்தவரை எதுவுமே தப்பா நடக்கலை. பின்னாடி லெவல் 2 வந்தப்போதான் ஃபில்டர்னு ஒண்ணு வந்தது. அதுல டேட்டா முடிஞ்சதுக்குத் தனிக் குறி உண்டு.

அவுட்புட் பக்கமும் உண்டு. எரர் வந்தா அது அதே கேபிள்ல கம்ப்யூட்டருக்குத் திரும்பிப் போகும், 'அஃபெண்டிங் கமாண்ட்'னு குற்றவாளி பேரோட. அதைத் திறந்து படிச்ச யூசர் எத்தனை பேர்னுதான் தெரியாது.

கேபிளோட நின்னிருந்தா பரவாயில்லை. 'ஃபைல்'னு ஒரு ஆபரேட்டர் இருக்கு, பேர் கொடுத்தா ஸ்ட்ரீம் திறக்கும். 1988-ல் பீட்டர் டாய்ச் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்ட், இந்த மொழியை சாதாரண கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தது. அங்கே பேருக்கு முன்னாடி 'பைப்'னு ஒரு முன்னொட்டு போட்டா, ஃபைலுக்குப் பதிலா ஒரு கமாண்டே ஓடும். இப்போ யோசிங்க: வெப்சைட்ல யாரோ ஒரு ப்ரொஃபைல் படம் அப்லோட் பண்றாங்க, சர்வர்ல இமேஜ்மேஜிக் அதை கோஸ்ட்ஸ்கிரிப்ட்கிட்ட கொடுக்குது. படம்னு நினைச்சது ப்ரோகிராம். இதைத் தடுக்க 'சேஃபர்'னு ஒரு மோட் இருந்தது, ஆனா 2019-ல வந்த 9.50 வரைக்கும் அது தானா ஆன் ஆகாது. அதையும் தாண்டலாம்னு 2018-ல் கூகுள் ஆராய்ச்சியாளர் டாவிஸ் ஓர்மண்டி காட்டினார். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிடிஎஃப்பை எல்லாம் இமேஜ்மேஜிக்ல டீஃபால்ட்டாவே ஆஃப் பண்ணிடுங்கன்னு சொன்னார். 2023-ல் மறுபடியும் ஒரு ஓட்டை, மறுபடியும் அதே பைப். இதுக்கு நடுவுல, 2022-ல வந்த மேக் வென்ச்சுரால ப்ரிவ்யூ போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலைத் திறக்கிறதையே நிறுத்திடுச்சு. அதை உலகம் முழுக்கக் கொண்டு போன அதே ஆப்பிள்!

வீக்கெண்ட்ல கோஸ்ட்ஸ்கிரிப்ட் போட்டு, சின்னதா ஒரு படம் எழுதி, கடைசி ரெண்டு ஹெக்ஸ் எழுத்தை மட்டும் அழிச்சுட்டு ஓட்டிப் பாருங்க. பக்கம் வந்தா எனக்கு மெயில் பண்ணுங்க.