இந்து: நீலமலையில் பிறந்த படச்சுருள்

கறுப்பு வெள்ளைப் படச்சுருளை மருந்தில் இட்டு உருவத்தை வெளிக்கொணரும் வேலைக்கு நம் ஸ்டுடியோக்காரர்கள் வைத்த பெயர் ‘கழுவுதல்’. ‘ஃபிலிம் கழுவியாச்சா?’ என்பதே வழக்கு. எளிய சொல்லாயினும் பொருத்தமானது. மருந்து சில நிமிடங்களே வேலை செய்கிறது; முன்னும் பின்னும் உழைப்பது தண்ணீர்தான். நீலகிரி மலைக்கும் படச்சுருளுக்கும் ஏற்பட்ட உறவுக்கும் அத்தண்ணீரே ஒரு காரணம்.

தொடக்க காலத்தில் படம் எடுப்பவரே கழுவவும் செய்தார். 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், தாளிலேயே நெகடிவ் செய்தவர். பிறகு வந்த ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டின் ஈரம் உலரும் முன்பே படமெடுத்துக் கழுவியாக வேண்டும். வெளியூர் சென்றால் இருட்டுக் கூடாரமும் உடன் செல்லும். 1888இல் சுருளுடன் கூடிய கோடக் கேமரா விற்பனைக்கு வந்ததும் இந்த ஒருமை உடைந்தது. எடுப்பவர் ஒருவர், கழுவுபவர் வேறொருவர் என்றாயிற்று. வீட்டிலேயே ஃபிலிம் கழுவுவோர் உண்மையில் அந்தப் பழைய ஒருமையை மீட்பவர்கள் எனலாம்.

எனினும் சுருள் மட்டும் அயல்நாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. இந்நிலையை மாற்ற 1960இல் மத்திய அரசு தொடங்கியதே இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம். ஃபிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1967இல் உதகையில் உற்பத்தி தொடங்கியது. ஃபிலிமின் மேற்பூச்சு, வெள்ளி உப்புகளைத் தாங்கிய ஜெலட்டின். தூசியும் வெப்பமும் அதற்குப் பகை. தூய நீரும் குளிரும் நட்பு. மலை இவற்றை இயல்பாகவே அளித்தது. தயாரிப்புக்கு இட்ட பெயர் ‘இந்து’. இந்து என்றால் நிலவு. வெள்ளியால் ஆன ஃபிலிமுக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் அரிது. ஆலை இருந்த பகுதியும் இந்து நகர் ஆயிற்று. ஒளியைப் பிடிக்கும் பொருளை உருவாக்கத் தொழிலாளர்கள் இருளிலே உழைத்தார்கள்.

உதகையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள குன்னூரில், குளியலறையையே இருட்டறையாக்கிய ஒருவரின் வேலையைப் பாருங்கள். டி-76 என்னும் டெவலப்பரை வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் நீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம்: அவ்வளவே. கரைசலின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் இருப்பதே முறை. சமவெளியில் கோடைக் குழாய்நீர் முப்பதைத் தாண்டும். ஜெலட்டின் இளகாதிருக்கப் பனிக்கட்டியைத் தேடவேண்டும். குன்னூரில் ஆண்டின் பெரும்பகுதி அந்தத் தொல்லை இல்லை. மார்கழிக் காலையில் சற்று வெந்நீர் சேர்த்தால் போதும். அங்கு இடர் தருவது வேறொன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் துணிக்கிளிப்பில் தொங்கும் சுருள் எளிதில் உலராது. டெவலப்பருக்குப் பின் ஹைப்போ. அது ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்துவிடும். இறுதியில் ஓடும் நீரில் அரைமணி நேரக் கழுவல். இதில் அவசரப்பட்டால் ஆண்டுகள் சென்றபின் படம் மஞ்சளித்து மங்கும்.

இவ்வாறு சுருளைச் செய்வதும், படமெடுப்பதும், கழுவுவதும் ஒரே மலையில் நிகழக்கூடிய காலம் ஒன்று இருந்தது. அது நீடிக்கவில்லை. வண்ணப்படம் கறுப்பு வெள்ளையின் சந்தையைச் சுருக்கியது. பாலியஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடன் அழுத்தியது. 1990களில் இறக்குமதி எளிதாயிற்று. 1996இல் நலிவுற்ற நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. பின் டிஜிட்டல் வந்தது. 2014இல் எஞ்சிய தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை மத்திய அமைச்சரவை ஏற்றது. மேற்பூச்சின் பக்குவம் அறிந்த ஒரு தலைமுறையின் கைத்திறனும் அத்துடன் கலைந்தது. ஆலை மூடுவதைச் செய்தித்தாள் எழுதும்; கைத்திறன் மறைவதை யாரும் எழுதுவதில்லை.

இன்றும் வெளிநாட்டுச் சுருளை வாங்கி வீட்டில் கழுவலாம். அந்த வித்தை அழியவில்லை. ஆனால் இந்து ஃபிலிமில் பதிவான திருமணங்களும், பள்ளிக் குழுப்படங்களும், இறந்தோரின் முகங்களும் நம் வீட்டுப் பரண்களில் நெகடிவ்களாகக் கிடக்கின்றன. பிரிண்ட் இருக்கிறதே என்று அவற்றை வீசிவிடுகிறோம். பிரிண்ட் நகல், நெகடிவே மூலம். ஏட்டுச்சுவடிகளை ஆற்றிலிட்ட சமூகம் நாம் என்பதை நினைவிற்கொண்டு, அடுத்தமுறை பரணைத் துடைக்கும்போது அந்தப் பழுப்பு உறைகளைப் பிரித்து, ஒளிக்கு எதிரே ஒருமுறை பிடித்துப் பாருங்கள். பிறகு ஈரம் படாத இடத்தில் எடுத்து வையுங்கள்.