"அப்ப நாங்க யாரு?"

சென்ற மாதம் ஒரு குழுவோடு ஒருநாள் வரலாற்றுப் பயணம் போனேன். காலையில் கீழ்வாலைப் பாறைகளில் செஞ்சாந்து ஓவியங்கள். "ஆதிமனுஷன் வரைஞ்சது" என்றார் வழிகாட்டி. மறுக்க வாரிசு யாரும் அங்கில்லை.

மாலையில் செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு. "சமணருங்களும் அப்பவே அழிஞ்சுட்டாங்க" என்றார் அதே குரலில். கூட வந்த நயினார் பெரியவர் கேட்டார்: "அப்ப நாங்க யாரு?"

திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் பயிர் செய்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. பக்தி இயக்கம் சமணத்தை 'வென்ற' கதையாடல் இவர்களை இல்லாமலாக்கித்தான் முழுமையடைகிறது. பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நாம் எழுதும் தமிழக வரலாறு எதுவும் வென்றவர் வரலாறுதான்.