ஒஸ்ரியாக்காரன் என்றொரு திராட்சை

வேலை அனுமதி கிடைத்த முதல் வசந்தத்தில் எனக்கு வாய்த்த வேலை ஸ்பார்கெல் சீவுவது. வூர்ட்ஸ்பூர்க்கிலிருந்து அதிக தூரமில்லாத ஊரொன்றில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினி. வெயில் படாமல் மண்ணை மூடி வளர்க்கிற வெள்ளைத் தண்டு அது. ஏப்ரலில் தொடங்கி யூன் 24, யோவான் திருநாளோடு வெட்டுவதை நிறுத்திவிடுவார்கள். அந்த இரண்டு மாதமும் விரல்கள் நொந்த நோவு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவித்த ஸ்பார்கெல், உருளைக்கிழங்கு, உருக்கின பட்டர், பக்கத்தில் பன்றித்தொடை இறைச்சி. கூடவே சில்வானர் என்ற வெள்ளை வைன். தலைமைச் சமையற்காரர் போத்தலைத் தூக்கிக் காட்டி, இது எங்கட மண்ணின் வைன், வந்தான் வரத்தானுக்கு இதன் அருமை விளங்காது என்ற மாதிரிச் சொல்லுவார். சொல்லும்போது பார்ப்பது என்னை.

பல வருடம் கழித்துத்தான் அந்த வைனின் கதையைத் தேடி வாசித்தேன். முப்பதாண்டு யுத்தம் 1648இல் முடிந்தபோது பிராங்கன் பகுதி நாசமாய்க் கிடந்தது. வூர்ட்ஸ்பூர்க்கை 1631இலேயே சுவீடன் படை பிடித்திருந்தது. திராட்சைத் தோட்டங்களைத் திரும்ப உண்டாக்க வேண்டிய நிலையில், 1659இல் காஸ்டெல் என்ற ஊரில் ஒரு புதுக்கொடியை நட்டார்கள். (ஒல்லாந்தர் எங்கட யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து அப்போது ஒரு வருடம்.) ஜேர்மனியில் சில்வானர் நடப்பட்டதற்கு எழுத்தில் உள்ள மிகப் பழைய சாட்சி அதுதான். அந்தப் பதிவில் கொடியின் பெயர் சில்வானர் இல்லை. 'ஒஸ்ரியாக்காரன்'!

1665இல் ஏப்றாக் மடத்துத் தலைவர் அல்பெரிக் டேகன் அதை வூர்ட்ஸ்பூர்க்கின் ஸ்ரைன் மலைச்சரிவில் நட்டார். நன்றாய்க் காய்த்தது, பரவியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மனியிலேயே ஆகக்கூடுதலாக நடப்பட்ட திராட்சை இதுதான். பிறகு மரபணுவைச் சோதித்தபோது பெற்றோரும் பிடிபட்டார்கள்: ஒன்று திறமீனர், மற்றது 'ஒஸ்ரிய வெள்ளை' என்ற பழைய இனம்.

அந்தச் சப்பட்டைப் போத்தலுக்கும் ஒரு கதை உண்டு. பெயர் பொக்ஸ்பொய்ற்றல். ஆட்டுக்கடாவின் எந்த உறுப்பிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று சொல்கிறார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன், போத்தலைப் பார்த்தால் நீங்களே ஊகிப்பீர்கள். கலப்படக்காரரின் தொல்லையால் 1726இல் வூர்ட்ஸ்பூர்க் நகரசபை, பூர்கர்ஸ்பிற்றாலின் நல்ல வைனை இந்தப் போத்தலில் அடைத்து முத்திரை வைக்கச் சொன்னது.

றீஸ்லிங்கைப் போலச் சில்வானருக்குப் புளிப்பு அதிகம் இல்லை. ஸ்பார்கெலின் மெல்லிய கசப்பை அது அமுக்காததற்குக் காரணம் அதுதான். ஆற்றுமீனோடும் நல்லாய்ப் போகும். எங்கட தூள் போட்ட குழம்போடு வைத்தால் வைன் தண்ணி மாதிரித்தான். ஆனால் பச்சைமிளகாயைக் குறைத்து வைத்த மீன் சொதியோடு குடித்துப் பாருங்கள். தேங்காய்ப்பாலுக்கும் அதற்கும் அப்படி ஒரு பொருத்தம்.

சமையற்காரர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கடைத்தெருவில் கண்டு இந்த ஒஸ்ரியாக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒஸ்ரியாவும் நாங்களும் ஒரே பேரரசுதானே" என்றார். அதுவும் சரிதான், என்னிடம் பதில் இல்லை. போகும்போது, அந்த மீன் சொதி எப்படி வைக்கிறது என்று கேட்டார்.