தோட்டத் திடலும் கோல் வலையும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர்த் தோட்டங்களில், வைகறை இருளில் நெற்றி விளக்கோடு பால் வெட்டப் புறப்பட்ட தொழிலாளர், வாளிப் பாலை நிறுத்துக் கொடுத்த பின், சாயங்காலம் லயத்துப் பிள்ளைகளோடு திடலில் பந்தாடிய வழக்கம், கஷ்ட ஜீவனத்துக்கு வாய்த்த அபூர்வமான உற்சாகமாகும். 1948-இல் மலாயாக் கிண்ணத்தையும், 2009, 2011 ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தையும் அம்மாநிலக் கால்பந்து அணி வென்றது.

அவ்வணிக்கும் ஃபெல்டா யுனைடெட் கழகத்துக்கும் ஆடிய தாக்குதல் வீரர் ந. தனபாலன், 2017 ஆகஸ்டில், ஷா ஆலம் அரங்கில், தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து அரையிறுதி முடியச் சில நிமிஷங்களே எஞ்சியிருக்கையில், பந்தைத் தலையால் முட்டி இந்தோனேசியாவின் வலைக்குள் செலுத்தினார்; அந்த ஒரே கோலால் மலேசியா இறுதியாட்டத்தில் பிரவேசித்தது. தாய்லாந்திடம் தங்கம் பறிபோனதே எனினும், அந்தக் கோலை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் பூரிக்கிறது. ஆனால், அன்று லயத்துப் பிள்ளைகள் பந்தாடிய தோட்டத் திடல்கள் பல இன்று செம்பனை நிழலில் மறைந்துவிட்டன.